அம்மம்மாக்கள் வளர்க்கும் தீவு

கரீபியன் கடலில் டொமினிக்கா என்றொரு சிறிய தீவு இருக்கிறது. டொமினிக்கன் குடியரசு வேறு, இது வேறு. ஏறத்தாழ 750 சதுர கிலோமீற்றர் பரப்பு, 70,000 அளவில் மக்கள், எங்கு பார்த்தாலும் மலை. பிரித்தானியரிடமிருந்து 1978இல் சுதந்திரம் பெற்றது. 1980 முதல் 1995 வரை பிரதமராக இருந்தவர் யூஜீனியா சாள்ஸ் என்ற பெண்மணி.

2017 செப்டெம்பர் 18ஆம் திகதி இரவு மரியா சூறாவளி இந்தத் தீவின் மேலாகப் போனது. பத்துக் கூரைகளில் ஒன்பது சேதமடைந்தன. மரங்களில் இலையே இல்லாமல் பச்சைத் தீவு ஒரே இரவில் பழுப்பு நிறமாகியது. அடுத்த ஆண்டு எட்டு மாதங்கள் நான் அங்கே சிறுவர்களுடன் தொண்டராக வேலை செய்தேன்.

எங்கள் சிறுவர் நிலையத்துக்குத் தறப்பாள்தான் கூரை. உச்சி வெயிலில் தறப்பாளுக்குக் கீழே எப்படி வேகும் என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பாடசாலை விட்டதும் பிள்ளைகள் வருவார்கள். படம் வரைதல், பாட்டு, விளையாட்டு என்று நேரசூசி இருந்தது. பாதி நேரம் போனது தண்ணீர் வார்த்துக் கொடுப்பதிலும் சப்பாத்துக் கயிறு கட்டிவிடுவதிலும்தான். இதெல்லாம் எந்தத் திட்ட அறிக்கையிலும் வராது.

எனக்கு ஊர் வழக்கம் பழக்கியவர்களும் அந்தப் பிள்ளைகளே. மினிபஸ்ஸில் ஏறினால் உள்ளே இருப்பவர்களுக்கு வணக்கம் சொல்லிவிட்டுத்தான் உட்கார வேண்டும். பேசாமல் உட்கார்ந்தால் மரியாதை தெரியாதவள். இருட்டிய பிறகு 'குட் நைட்' என்பது அங்கே விடைபெறும் சொல் அல்ல, வரும்போது சொல்லும் வணக்கம்! வகுப்பில் ஆங்கிலம் பேசுகிற பிள்ளைகள் சண்டை வந்தால் கிரெயோல் மொழிக்கு மாறிவிடுவார்கள்.

பதிவுப் படிவத்தில் 'பாதுகாவலர்' என்ற இடத்தில் அநேகமாக அம்மம்மாவின் பெயரே இருந்தது. தாய்மார் பலர் குவாதலூப், அன்ரிகுவா போன்ற தீவுகளில் வேலைக்குப் போயிருந்தார்கள். இந்தக் குடும்ப அமைப்பைப் பல்கலைக்கழகத்தில் பாடமாகப் படித்திருந்தேன். ஆனால் நான்கு பேரப்பிள்ளைகளை வளர்க்கும் ஓர் அம்மம்மாவின் அடுப்படியில் இருந்தபோதுதான் அது விளங்கியது. ஈரப்பலாக்காயை முழுதாக விறகு நெருப்பில் போட்டுச் சுட்டு, கருகிய தோலைச் சீவி, கருவாட்டோடு தருவார். சூறாவளி மரங்களை விழுத்திய மாதங்களில் மண்ணுக்குள் கிடந்த சேம்பங்கிழங்குதான் தங்களைக் காப்பாற்றியது என்பார்.

எங்கள் நாட்டில் போருக்குப் பின் 'பெண் தலைமைத்துவக் குடும்பங்கள்' என்று தனியாகக் கணக்கெடுக்கிறோம் என்று ஒருநாள் அவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"அப்போ மற்ற வீடுகளில் யார் தலைமை, பிள்ளை?" என்று கேட்டார். விளையாட்டாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே அவருக்கு விளங்கவில்லை.

அங்கே பெண்களுக்குச் சுமையில்லை என்று எண்ண வேண்டாம். கூரைத் தகரம் வாங்கக் காசில்லாமல் அவரும் மாதக்கணக்காக அலைந்தவர்தான். ஆனால் ஆண் துணை இல்லை என்பதற்காகக் கல்யாண வீட்டில் அவரை யாரும் பின்னால் நிற்கச் சொல்வதில்லை. தேவாலயத்தில் முன்வாங்கு அவருடையது. அவர் வளர்க்கும் பிள்ளைகளை யாரும் பாவம் என்று பார்ப்பதுமில்லை. நம் ஊர்ப் பிள்ளைகள் சிலரின் முகங்கள் அப்போதெல்லாம் என் நினைவுக்கு வரும்.

ஜூன் முதல் நவம்பர் வரை அங்கே சூறாவளிக் காலம். அந்த அம்மம்மாவின் கடைசிப் பேரனுக்கு ஏழு வயது. தறப்பாளில் முதல் மழைத்துளி விழுந்தவுடன் கொப்பிகளை ஒரு பொலித்தீன் பைக்குள் போட்டு இறுக்கிக் கட்டுவான். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. 2018 செப்டெம்பர் 13ஆம் திகதி ஐசாக் புயல் தீவை நெருங்கியபோது பிள்ளைகளை வீட்டிலேயே இருக்கச் சொன்னோம். நல்லகாலம், பெரிய சேதமில்லாமல் கடந்து போனது.

பிறகு நிலையம் திறந்த அன்று அவன் முதல் ஆளாக வந்தான். பையை அவிழ்த்து ஒவ்வொரு கொப்பியாக எடுத்துக் காட்டினான். ஒன்றும் நனையவில்லை. பையை மடித்துக் காற்சட்டைக்குள் செருகிக்கொண்டு விளையாடப் போனான்.