சங்கிலியும் நாடா ரம்பமும்

கடந்த ஆண்டு மழைக்காலத்தில் ஒரு மாலை, எங்கள் பங்கைச் சேர்ந்த தச்சர் ஒருவர் தம் மனைவியுடன் பங்கு இல்லத்துக்கு வந்திருந்தார். வீட்டுத் திண்ணையையே பட்டறையாக்கி, நாற்காலியும் முக்காலியும் தொட்டிலும் செய்து பிழைப்பவர். முப்பது ஆண்டுகளாகக் கைரம்பம் இழுத்த அவருடைய வலது முழங்கை இப்போது மடங்க மறுக்கிறது. 'பேண்ட்சா' எனப்படும் நாடா ரம்பம் ஒன்று வாங்கினால் தொழிலைக் கைவிடாதிருக்கலாம் என்பது அவர் எண்ணம். அந்த அம்மாள் கழுத்துச் சங்கிலியைத் தொட்டுக்கொண்டு, "சாமி, இது ஒரு தடவைதான் போகும். வாங்குவது சரியாக அமையவேண்டும்" என்றார்.

என்னிடம் அவர்கள் வந்த காரணத்தை மறைப்பானேன்? பங்கு இல்லத்துக் கொட்டகையில் நானும் ஓய்வு நேரத்தில் மரவேலை செய்பவன். அத்துடன், இந்த இயந்திரத்தை வாங்கி நான் ஏமாந்த கதை ஊரறிந்தது. கடையில் மேசைமீது வைத்திருந்த 8 அங்குலச் சக்கர இயந்திரம் அது. விளக்கும், பளபளக்கும் அளவுகோலும், விலைக்குறைவும் என்னை மயக்கிவிட்டன. வீட்டில் கொண்டுவந்து மூன்றங்குலப் பூவரசுக் கட்டையைப் பிளந்தபோது, பலகையின் நடுப்பகுதி பானை வயிறுபோல் வளைந்து வந்தது. அகலமான தகட்டைப் பூட்டி முறுக்கினேன். மெல்லிய தகரத்தாலான அதன் முதுகெலும்பே வளைந்து கொடுத்தது. கடைக்காரரைக் குறை சொல்வதற்கில்லை. நான் எதை அறுக்கப்போகிறேன் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஆகவே தச்சரிடம் முதலில் அதைத்தான் கேட்டேன். நாற்காலியின் வளைந்த பின்கால்கள், ஆறங்குல அகலமுள்ள வேப்பம் பலகையை நிறுத்திவைத்து இரண்டாகப் பிளத்தல் என்றார். பாதி விடை அதிலேயே இருந்தது.

இந்த இயந்திரத்தின் அமைப்பு எளிது. ஒன்றன்மேல் ஒன்றாக இரு சக்கரங்கள். அவற்றைச் சுற்றி ஓடும் முடிவில்லா எஃகு நாடா. சக்கரத்தின் குறுக்களவையே இயந்திரத்தின் அளவாகச் சொல்வார்கள். 14 அங்குல இயந்திரத்தில் தகட்டுக்கும் தூணுக்கும் இடையே ஏறத்தாழ அவ்வளவு இடமும், பொதுவாக 6 அங்குலம் அறுக்கும் உயரமும் கிடைக்கும். வெட்டு கீழ்நோக்கி நிகழ்வதால் மரம் மேசையோடு அழுந்தி நிற்கும். வட்ட ரம்பத்தைப்போல் மரத்தை ஆள்மேல் எறியாது. (விரலுக்கு இது இரங்கும் என்று பொருளல்ல. எலும்பறுக்க இறைச்சிக் கடைகளில் வைத்திருப்பதும் இதன் இனமே.)

1808-இல் இலண்டனில் வில்லியம் நியூபெரி என்பவர் இதற்குக் காப்புரிமை பெற்றார். ஆயினும் நெடுங்காலம் அது பயன்படவில்லை. நாடாவின் இரு முனைகளையும் இணைத்த இடம் சக்கரத்தில் வளைந்து வளைந்து அறுந்துவிடும். பிரான்சில் ஆன் போலின் கிரெப்பேன் என்ற பெண்மணி 1846-இல் அம்முனைகளைப் பற்றவைக்கும் முறையைக் கண்ட பிறகே இயந்திரம் உயிர்பெற்றது. இன்றும் அப்படித்தான், நல்ல இயந்திரமும் மட்டமான தகட்டோடு பயனற்றது.

அன்றிரவு அவர்களுக்கு நான் சொன்ன கணக்கு இது: பின்னால் மாற்றமுடியாதவற்றுக்குப் பணத்தைக் கொடுங்கள். சட்டகம், சக்கரம், அறுக்கும் உயரம் ஆகியவற்றைப் பிறகு மாற்ற இயலாது. விளக்கு, வேலிச்சட்டம், தகட்டைத் தாங்கும் பேரிங்குகள் ஆகியவற்றை மெல்ல மெல்ல மேம்படுத்திக்கொள்ளலாம். 14 அங்குலப் புது இயந்திரமோ அவர்கள் கைக்கு எட்டாத விலை. பக்கத்து ஊரில் மூடப்பட்ட பட்டறை ஒன்றில் பழையது இருப்பதாகக் கேள்விப்பட்டு மூவரும் போனோம்.

வார்ப்பிரும்புச் சட்டகம், வண்ணம் உரிந்திருந்தது. அதைப் பொருட்படுத்தவில்லை. மின்சாரத்தை நிறுத்திச் சக்கரங்களைக் கையால் சுற்றிப் பார்த்தோம், ஆட்டமில்லை. மேற்சக்கரத்தில் ஒட்டிய ரப்பர் பட்டை வெடித்திருந்தது, அது மாற்றக்கூடியது. நேர்ச்சட்டத்தை இரு சக்கரங்களின் விளிம்பிலும் வைத்தபோது ஒரே தளத்தில் நின்றன. பிறகு ஓடவிட்டு, தடித்த ஐந்து ரூபாய் நாணயம் ஒன்றை மேசையில் விளிம்பின்மேல் நிறுத்தினார் தச்சர். விழவில்லை. அம்மாள் முகத்தில் அப்போதுதான் சிரிப்பைக் கண்டேன்.

ஆனால் மோட்டார் மூன்று முனை மின்சாரத்துக்கானது. அவர்கள் வீட்டிலோ ஒரு முனை இணைப்புத்தான். இதை நான் முதலிலேயே விசாரித்திருக்கவேண்டும். அக்குறையைச் சொல்லி விலையைக் குறைத்து, ஒரு குதிரைத்திறனுள்ள ஒருமுனை மோட்டாரை வேறிடத்தில் வாங்கினோம். பழையதைப்போலவே நிமிடத்துக்கு 1440 சுற்று. இல்லையேல் தகட்டின் வேகம் மாறிவிடும்.

மிஞ்சிய தொகையில் தகடுகள். பலகை பிளக்க 1/2 அங்குல அகலம், அங்குலத்துக்கு 3 பல். தடித்த மரத்தில் நெருங்கிய பல் தூளால் அடைத்துக்கொள்ளும். நாற்காலிக் காலுக்கு 1/4 அங்குலம், 6 பல்; அது முக்கால் அங்குலத்துக்கும் குறைந்த ஆரத்தில் திரும்பும். அரை அங்குலத் தகட்டுக்கோ ஏறத்தாழ இரண்டரை அங்குல ஆரம் வேண்டும்.

முதல் வேப்பம் பலகை கோணலாகவே வந்தது. தச்சர் என்னைப் பார்த்தார். எனக்கு என் பூவரசுக் கட்டை நினைவுக்கு வந்து வயிற்றைப் பிசைந்தது. நல்லவேளையாக, தகடு தானாக இழுக்கும் கோணத்துக்கு வேலிச்சட்டத்தைச் சற்றுத் திருப்பினால் போதும் என்பது நினைவில் இருந்தது. இரண்டாவது பலகையை அவர் தள்ளினார். அம்மாள் இரு பாதிகளையும் எடுத்து, விளிம்போடு விளிம்பு சேர்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு ஒன்றும் பேசாமல் அடுத்த பலகையை எடுத்துக் கணவர் கையில் கொடுத்தார்.