ஒரு திருகாணி குறைவு

நவம்பர் 2, ஞாயிறு

அக்கா மகன் நியூஜெர்சியிலிருந்து வந்திருந்தான். பாதாம் பாக்கெட், தலைவலித் தைலம், சாக்லெட் எல்லாம் எடுத்து வைத்தபின் பெட்டியின் அடியிலிருந்து ஒரு குட்டி லேப்டாப் வெளியே வந்தது. 11.6 அங்குலத் திரை. சிலேட்டுக்கு மூடி போட்டதுபோல இருந்தது. குரோம்புக்.

“வீட்ல சும்மா கிடந்துச்சு மாமா. நல்லாத்தான் இருக்கு. ஆனா எக்ஸ்பைர் ஆயிடுச்சு.”

பால் பாக்கெட்டுக்குத் தேதி உண்டு, மாத்திரை அட்டைக்கு உண்டு. லேப்டாப்புக்குமா? செட்டிங்ஸைத் திறந்து காட்டினான். இனிப் புதுப்பிப்பு வராது என்று ஒரு வரி, பணிவாக. குரோம்புக் ஒவ்வொன்றுக்கும் புதுப்பிப்பு நின்றுபோகும் நாள் ஒன்று உண்டாம். அந்தக் கணக்கு நாம் கடையில் காசு கொடுத்த நாளில் தொடங்குவதில்லை. அந்த வகை வன்பொருள் சந்தைக்கு வந்த நாளில் தொடங்குகிறது. 2023 செப்டம்பரில் கூகுள் அதைப் 10 ஆண்டாக நீட்டியது. இது 2014-ஆம் வருடத்துச் சரக்கு. அந்த நீட்டிப்பு இதை எட்டவில்லை.

இரவு சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்துப் பார்த்தேன். உள்ளே இன்டெல் செலரான் என்2840, இரண்டு கோர். 2 ஜிபி ராம். 16 ஜிபி சேமிப்பு. விசிறி கிடையாது என்பதால் சத்தமும் கிடையாது. விசைகள் விரலுக்கு இதமாக இறங்குகின்றன. மெய்ப்புத் திருத்திப் பிழைக்கிறவனுக்கு வேறென்ன வேண்டும்? ஆனால் பழைய பிரவுசரை வங்கித் தளம் வாசலிலேயே நிறுத்திவிட்டது.

என் மேசைக் கணினியின் கதையும் இதுதான். போன மாதம் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்தது. 11-க்கு வேண்டிய பாதுகாப்புச் சில்லு அதில் இல்லை. ஆக, வீட்டில் நல்ல நிலையில் இரண்டு கணினிகள், இரண்டும் காலாவதி.

நவம்பர் 4, செவ்வாய்

காலையிலிருந்து படிப்பு. படிக்கப் படிக்க ஒன்று புரிந்தது: இந்தப் பெட்டிக்குள் ஏற்கெனவே இருப்பதும் லினக்ஸ்தான். குரோம் ஓஎஸ், ஜென்டூ என்ற லினக்ஸை அடித்தளமாக வைத்துக் கட்டப்பட்டது. மேலே பிரவுசரை மட்டும் காட்டி, மற்றதைத் திரைக்குப் பின்னால் நிறுத்தியிருக்கிறார்கள். நான் செய்யப்போவது அந்நியரை வீட்டுக்குள் விடுவதல்ல. பங்காளி ஒருவர் போய் இன்னொருவர் வருகிறார்.

வருவதற்கு வழியும் உண்டு, அதைச் செய்தவர்களே வைத்தது. எஸ்கேப், ரெஃப்ரெஷ், பவர் மூன்றையும் சேர்த்து அழுத்த வேண்டும். அடுத்த திரையில் கன்ட்ரோலும் ‘டி’யும். டெவலப்பர் பயன்முறை திறக்கிறது. திறக்கும்போது உள்ளே இருப்பதையெல்லாம் துடைத்துவிடும். நியாயந்தான். இல்லாவிட்டால் வேறொருவர் லேப்டாப்பைத் திருடி, இதே வழியாக நுழைந்து கடிதங்களைப் படித்துவிடலாமே.

பெட்டியில் 16 ஜிபிதான் என்பதால் டெபியனையும் எல்எக்ஸ்க்யூடி என்ற மெலிந்த மேசைச் சூழலையும் தேர்ந்தேன். டெபியன் 13 ஆகஸ்ட் மாதம்தான் வந்தது, பெயர் டிரிக்ஸி. அவர்களுடைய பதிப்புகளுக்கெல்லாம் ‘டாய் ஸ்டோரி’ பொம்மைகளின் பெயர். பென்டிரைவிலிருந்து நிறுவினேன். நிறுவும் திரையிலேயே தமிழைத் தேர்ந்துகொள்ள முடிகிறது.

ஒரே சங்கடம், ஒவ்வொரு முறை இயக்கும்போதும் வெள்ளைத் திரை ஒன்று வந்து எச்சரிக்கிறது. கன்ட்ரோலும் ‘எல்’லும் அழுத்தினால்தான் டெபியன். இல்லாவிட்டால் சற்று நேரம் காத்திருந்து, பீப் பீப் என்று ஊரைக் கூட்டும்.

நவம்பர் 6, வியாழன்

தமிழ் எழுத வந்துவிட்டது. ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவியில் தமிழ்99 தயாராக இருக்கிறது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டை ஒட்டி வந்த விசைப்பலகை. உயிர் எழுத்துகள் இடக்கைக்கு, மெய்கள் பெரும்பாலும் வலக்கைக்கு. ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதலாவதன் தலையில் புள்ளி தானாக விழும். ‘அம்மா’ என்று எழுத நான்கே தட்டு: அ, ம, ம, ஆ. இருபது வருடப் பழக்கம். மூளையைக் கேட்காமல் விரல் ஓடுகிறது.

கேப்ஸ் லாக் இருக்க வேண்டிய இடத்தில் தேடல் விசை இருக்கிறது. மேல்வரிசையில் எஃப் விசைகளே இல்லை. இடம் மாற்றிக் கொடுக்கக் குட்டி நிரல் ஒன்று கிடைத்தது. ஒலிபெருக்கி மட்டும் வாய் திறக்கவில்லை. மெய்ப்பு பார்க்கப் பாட்டு எதற்கு என்று விட்டுவிட்டேன்.

ஒரு நாவலின் 43 பக்கங்களைத் திருத்தி முடித்தேன்.

நவம்பர் 8, சனி

43 பக்கங்களும் போயின.

நான் காய்கறி வாங்கப் போயிருந்தேன். மழை. மின்கட்டணம் கட்ட மனைவி லேப்டாப்பைத் திறந்திருக்கிறாள். வெள்ளைத் திரை வந்தது. சரிபார்ப்பு அணைந்திருக்கிறது, மறுபடி இயக்க ஸ்பேஸ் விசையை அழுத்தவும் என்றது. அழுத்தினாள். உறுதி செய்ய என்டர் என்றது. அதையும் அழுத்தினாள்.

“அதுவே கேட்டுதுங்க. சொன்னதைத்தானே செஞ்சேன்?”

தவறே இல்லை. எந்தத் திரை எதைச் சொன்னாலும் நம்பாதே என்று நான்தான் சொல்லி வைத்திருக்க வேண்டும். சரிபார்ப்பு திரும்பியதும் பெட்டி தன் பழைய குரோம் ஓஎஸ்ஸைத் தேடியிருக்கிறது. அது இருந்த இடத்தில் டெபியன் உட்கார்ந்திருக்க, ‘இயங்குதளம் காணவில்லை அல்லது பழுது’ என்று கைவிரித்துவிட்டது.

டெபியன் உள்ளேதான் இருக்கிறது. ஆனால் அதற்குப் போக வேண்டிய கதவின் அனுமதி ஒரு சின்னக் குறியீட்டில் இருந்தது. இப்போது அது பூஜ்யம். அதை மறுபடி ஒன்றாக்க வேண்டுமானால் குரோம் ஓஎஸ் வேண்டும். குரோம் ஓஎஸ்ஸைத் திரும்ப ஏற்றினால் டெபியன் அழியும். வீட்டுக்குள் இருக்கும் சாவியை எடுக்க வீட்டை இடிக்கச் சொல்கிறது.

இடித்தேன்.

நவம்பர் 10, திங்கள்

ஆத்திரம் அடங்கியபின் யோசித்தால் குற்றம் என்னுடையது. நான்கு நாளும் அந்தப் பெட்டியில் நான் திண்ணையில் படுத்திருந்தேன். உள்ளே நடமாடியதால் வீட்டுக்காரன் என்று நினைத்துக்கொண்டேன். வாசற்கதவு, அதாவது மின்சாரம் வந்ததும் முதலில் விழிக்கும் ஃபர்ம்வேர், இன்னும் பழைய ஏற்பாட்டின்படிதான் திறந்தது.

அதை மாற்ற முடியும். ஆனால் ஃபர்ம்வேர் இருக்கும் சில்லுக்கு எழுத்துத் தடை போட்டிருக்கிறார்கள். தடை எங்கே இருக்கிறது என்று தேடினால் சிரிப்பு வந்துவிட்டது. கடவுச்சொல் இல்லை, ரகசிய எண் இல்லை. மதர்போர்டில் ஒரு திருகாணி. அதைக் கழற்றினால் தடை போச்சு.

மதியம் ரிச்சி தெரு. அண்ணா சாலையில் இறங்கி, சேற்றில் கால் வைக்காமல் நடக்க முயன்று தோற்றேன். 120 ரூபாய்க்கு ஸ்க்ரூடிரைவர் செட். விற்ற பையனிடமே என் பயத்தைச் சொன்னேன்: எழுதும்போது பாதியில் நின்றுவிட்டால் பெட்டி வெறும் பலகைதானே?

“எட்டுக்கால் ஐசி சார் அது. தப்பாப் போச்சுன்னா எடுத்துட்டு வாங்க. கிளிப் மாட்டி வெளியிலேருந்தே எழுதிடலாம். தினம் நாலு போர்டு வருது.”

செத்தால் எழுப்ப ஆள் இருக்கிறது என்று தெரிந்தபின் கை நடுக்கம் பாதியாகக் குறைந்தது.

நவம்பர் 11, செவ்வாய்

காலை ஆறு மணி. பேட்டரி முழுதாக ஏறியிருந்தது. மேசையில் பழைய வேட்டியை விரித்து அதன்மேல் லேப்டாப்பைக் கவிழ்த்தேன். அடிப்பக்கம் 12 திருகாணி. கழற்றிய வரிசையிலேயே இட்லித் தட்டின் குழிகளில் போட்டு வைத்தேன். மூடியைப் பிரித்தபோது வந்த சடசட சத்தத்துக்கு இவள் எழுந்து வந்துவிட்டாள்.

உள்ளே பார்க்கப் பரிதாபமாக இருந்தது. முக்கால்வாசி பேட்டரி. ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் பச்சைப் பலகை. தேடிய திருகாணி மற்றவை போலவேதான் இருந்தது. கழற்றிய பிறகுதான் வித்தியாசம் தெரிந்தது: மற்றவற்றின் அடியில் முழு உலோக வளையம், இதன் அடியில் வளையம் பிளந்து இரண்டு பாதிகளாக நின்றது. திருகாணியின் தலை இரண்டையும் தொட்டால் மின்சுற்று கூடித் தடை விழும். எடுத்துவிட்டால் விலகும்.

ஸ்க்ரூடிரைவரைக் கையில் வைத்தபடி சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இது பூட்டுக்குப் பூட்டு, சாட்சிக்குச் சாட்சி. தொலைவில் எங்கோ உட்கார்ந்துகொண்டு இணையம் வழியாக உள்ளே நுழைபவன் எவ்வளவு பெரிய கில்லாடியானாலும் இந்தத் திருகாணியைத் திருக முடியாது. திருக வேண்டுமானால் பெட்டி அவன் மடியில் இருக்க வேண்டும். ‘நீ இதன் சொந்தக்காரனா?’ என்று இது ரசீதைக் கேட்கவில்லை, கையைக் கேட்கிறது. பின்னால் வந்த குரோம்புக்குகளில் இந்த வேலையைத் தனிப் பாதுகாப்புச் சில்லு எடுத்துக்கொண்டது. பழைய சரக்கு கிடைத்தது என் அதிர்ஷ்டம்.

மூடியைப் பொருத்தி, குரோம் ஓஎஸ்ஸின் கறுப்புத் திரையில் ஒரு தன்னார்வலர் எழுதிய நிரலை ஓட்டினேன். எழுத்துத் தடை நீங்கியிருக்கிறது என்று முதலில் உறுதி சொன்னது. பழைய ஃபர்ம்வேரைப் பென்டிரைவில் நகல் எடுத்து வைக்கச் சொன்னது. எடுத்தேன். பிறகு அழிக்கத் தொடங்கியது. வெளியே மழை வலுத்தது. மின்விசிறி ஒருமுறை மெதுவாகி மறுபடி வேகமெடுத்தது. பேட்டரி இருக்கிறது என்று தெரிந்தும் வயிற்றைக் கலக்கியது.

முடிந்தது என்றது. அணைத்து இயக்கினேன். கறுப்புத் திரை. நாலைந்து விநாடி. பிறகு நடுவில் ஒரு முயல்.

அது கோர்பூட்டின் சின்னம். 1999-இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் லினக்ஸ்பயாஸ் என்று தொடங்கிய கட்டற்ற ஃபர்ம்வேர். 2008-இல் பெயர் மாறியது. வேடிக்கை என்னவென்றால் நான் அழித்த பழைய ஃபர்ம்வேரும் கோர்பூட்தான். குரோம்புக்குகள் அதையேதான் பயன்படுத்துகின்றன. உள்ளே இருந்தது லினக்ஸ், வந்ததும் லினக்ஸ். கீழே இருந்தது கோர்பூட், வந்ததும் கோர்பூட். அதிகாரபூர்வம், அதிகாரபூர்வமற்றது என்று நாம் பிரிப்பது யார் கட்டினார்கள் என்பதை வைத்து அல்ல, யார் கையில் இருக்கிறது என்பதை வைத்துத்தான் போலிருக்கிறது.

நவம்பர் 16, ஞாயிறு

சொந்த வீடு என்றால் ஒழுகும் குழாயையும் நாமே பார்க்க வேண்டும். பழைய ஏற்பாட்டில் ஒவ்வொரு முறை விழிக்கும்போதும் யாராவது உள்ளே கை வைத்திருக்கிறார்களா என்று பெட்டியே சோதித்துக்கொள்ளும். அந்தக் காவலை நான் கழற்றிவிட்டேன். புதுப்பிப்புகளை நானே வாராவாரம் போடுகிறேன். வட்டை இந்தமுறை கடவுச்சொல்லோடு மறையாக்கம் செய்து டெபியனை மறுபடி நிறுவினேன். திருத்திய கோப்புகள் தினமும் இரவு பென்டிரைவுக்குப் போகின்றன. சனிக்கிழமை கற்ற பாடம்.

2 ஜிபி ராமில் பிரவுசரில் நான்காவது தாவலைத் திறந்தால் மூச்சு வாங்குகிறது. ராமுக்குள்ளேயே சுருக்கி அடுக்கிவைக்கும் இசட்ராம் வசதியைப் போட்டபின் ஆறு தாவல் வரை தாங்குகிறது. மூடியைச் சாத்தினால் எப்போதாவது தூங்க மறுக்கிறது. ஒலி இன்று வந்துவிட்டது. ஒலிச்சில்லுக்கு எந்த வழி, எவ்வளவு அளவு என்று சொல்லும் அமைப்புக் கோப்புகள்தான் குறையாக இருந்தன. முதலில் ஒலித்தது பக்கத்து வீட்டுக்குக் கேட்கும் அளவுக்கு ஒரு விளம்பரம்.

நாவலின் 43 பக்கங்களையும் மறுபடி பார்த்தேன். முதல் முறை கண்ணில் படாத நாலு ஒற்றுப்பிழைகள் கிடைத்தன. அழிந்ததற்கு வட்டி.

நவம்பர் 23, ஞாயிறு

அக்கா மகன் போனில். “ஓடுதா மாமா?”

“ஓடுதுடா. ஒரு ஸ்க்ரூ மட்டும் மிச்சம்.”

“ஐயையோ, எங்கே விட்டுப்போச்சு?”

விளக்கிச் சொன்னேன். கடைசியில், “அப்போ தேதி?” என்று கேட்டான். பேட்டரி எத்தனை நாள் தாங்குமோ, விசை எழுத்து எப்போது அழியுமோ, அதுதான் இனித் தேதி என்றேன். திருகாணியைத் தூக்கிப் போடவில்லை. பழைய ஹோமியோபதிக் குப்பியில் போட்டு, பென்டிரைவோடு சேர்த்துக் கட்டி அலமாரியில் வைத்திருக்கிறேன். என்றாவது பழையபடி ஆக்க வேண்டுமானால் இரண்டும் வேண்டும்.

மாலையில் மின்கட்டணம். இவள் லேப்டாப்பைத் திறக்கவே மாட்டேன் என்றாள்.

“நீயே திற. ஒண்ணும் ஆகாது.”

திறந்தாள். முயல் வந்தது. என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, வேண்டுமென்றே ஸ்பேஸ் விசையை அழுத்தினாள். இன்னொரு முறை, அழுத்தமாக. முயல் போய், கடவுச்சொல் கேட்டது.

“இப்ப என்ன அழிஞ்சுது?” என்றாள்.

“ஒண்ணும் இல்ல.”

“அப்படின்னா சரி,” என்று மின்கட்டண அட்டையை எடுக்கப் போனாள்.