பிரிட்ஜ் கோர்ஸ் எத்தனை பேருக்கு வேணும்?

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்தா நம்ம ஊர்ல சதவீதத்துக்குப் பஞ்சமே கிடையாது. 2024ல 94.56. 2025ல 95.03. மாவட்டவாரியா, பாடவாரியா, அரசுப் பள்ளி தனியார் பள்ளின்னு பிரிச்சு, சென்டம் எத்தனை பேர்னு வரைக்கும் சொல்லிடுவாங்க. சரி, இப்படித் தேறி வந்து காலேஜ்ல உக்காந்தவங்கள்ல எத்தனை பேருக்குப் பள்ளிப் பாடத்தையே மறுபடி நடத்த வேண்டியிருக்கு? அந்தக் கணக்கை மட்டும் மே மாசமும் சொல்ல மாட்டாங்க, டிசம்பர் மாசமும் சொல்ல மாட்டாங்க.

பிரிட்ஜ் கோர்ஸ்தான் இருக்கேன்னு கேப்பீங்க. இருக்கு. 2017லேர்ந்து ஏஐசிடிஇ மூணு வார அறிமுக வகுப்பு வேற வச்சிருக்கு. ஆனா அது எல்லாருக்கும். செண்டை மேளம், மோட்டிவேஷன் ஸ்பீச், நடுவுல கொஞ்சம் மேத்ஸ். எல்லாருக்கும் ஒரே மருந்து கொடுத்தா யாருக்குக் காய்ச்சல்னு எப்படித் தெரியும்? எங்க ஆபீஸ்ல இதுக்கு ஒரு ஜோக் உண்டு. டெஸ்டிங்கே பண்ணாத மாட்யூல்ல பக் ஜீரோ.

இதை எண்ணுறது சுலபம்னு நினைச்சுட்டுதான் அமெரிக்கக் கணக்கைத் தேடினேன். தலை சுத்திடுச்சு. 2000ஆம் வருஷம் கல்லூரியில் சேர்ந்த முதலாண்டு மாணவர்கள்ல 28 சதவீதம் பேர் ரெமெடியல் வகுப்புல இருந்தாங்கன்னு அவங்க அரசாங்கப் புள்ளிவிவரம் சொல்லுது. ரெண்டு வருஷ அரசுக் கல்லூரியை மட்டும் எடுத்தா 42. அப்புறம் 2003-04ல சேர்ந்தவங்களை ஆறு வருஷம் விடாம பின்தொடர்ந்து, மார்க் ஷீட்டையே வாங்கிப் பார்த்திருக்காங்க. அதே மாதிரிக் கல்லூரிகள்ல 68! ரெண்டுக்கும் நடுவுல பசங்க மக்காகிடல. முதல் கணக்கு அந்த ஒரு பருவத்துல யார் வகுப்புல உக்காந்திருந்தாங்கன்னு காலேஜைக் கேட்டது. ரெண்டாவது, ஆறு வருஷத்துல ஒரு தடவையாவது உக்காந்தவங்களைச் சேர்த்தது. கேள்வி மாறினா விடையும் மாறுது.

இன்னொரு கூத்து. அந்த வகுப்புக்கு ஆளைத் தள்ளுற பிளேஸ்மெண்ட் டெஸ்டையே 2012ல கொலம்பியா பல்கலைக்கழகத்துல ஜூடித் ஸ்காட்-கிளேட்டன்ங்கறவங்க ஆராய்ஞ்சாங்க. கணக்குல நாலுல ஒருத்தர், ஆங்கிலத்துல மூணுல ஒருத்தர் ரொம்பத் தப்பான இடத்துக்குப் போறாங்கன்னு தெரிஞ்சுது. 'தேவைப்படுறவங்க'ன்னு எண்ணினதுல பாதிக்கு டெஸ்ட் மேலயே சந்தேகம்.

இப்ப கொஞ்சம் கொசுவர்த்தி சுத்திக்கறேன்.

நான் ப்ளஸ் டூ எழுதினது 2015ல. மயிலாப்பூர்ல ஒரு இங்கிலீஷ் மீடியம் ஸ்கூல் (பேரெல்லாம் வேணாமே). ப்ளஸ் ஒன் ஜூலை மாசமே ப்ளஸ் டூ புத்தகத்தைப் பிரிச்சுட்டாங்க. ஊர்ல பாதி ஸ்கூல் அப்படித்தான். கட் ஆஃப் கணக்குக்கு ப்ளஸ் டூ மார்க் மட்டும்தானே? பிரச்சினை என்னன்னா, பழைய பாடத்திட்டத்துல டிஃபரன்ஸியேஷன், இண்டக்ரேஷன் ரெண்டோட ஆரம்பமும் ப்ளஸ் ஒன் புத்தகத்துலதான். ப்ளஸ் டூ புத்தகம் நேரா அதோட பயன்பாட்டுக்குப் போயிடும். ஃபவுண்டேஷன் போடாம மாடி கட்டினோம். புக் பேக் ஒரு மார்க் கேள்வி அத்தனையும் மனப்பாடம். மார்க்கும் வந்துது. எம்-ஒன் வகுப்புல முதல் வாரமே டவுசர் கிழிஞ்சுது. லஸ் பிளாட்ஃபாரத்துல ஒரு பழைய ப்ளஸ் ஒன் கணக்குப் புத்தகம் வாங்கி, ஹாஸ்டல் போர்வைக்குள்ள படிச்சேன். என் மார்க்கை வச்சு எண்ணினா எனக்கு ரெமெடியல் தேவையே இல்லை!

இப்ப எதிர்ப்பக்கம். எங்க தெருவுல இஸ்திரி வண்டி வச்சிருக்கற அண்ணனோட பையன். தமிழ் வழி, மாநகராட்சிப் பள்ளி. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு 2021ல இஞ்சினியரிங்குக்கும் வந்துதே, அதுல 2024ல சேர்ந்தான். கட்டணம் அரசாங்கம். முதல் இண்டர்னல்ல ஐம்பதுக்குப் பதினொண்ணு. உடனே 'ஸ்லோ லேர்னர்' லிஸ்ட்ல பேர். (நாக் கமிட்டிக்கு இந்த லிஸ்டைக் காட்டணும். ஆக, காலேஜ் காலேஜா எண்ணிக்கை இருக்கு, ஃபைலுக்குள்ள.) சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ் வச்சதுல காலேஜ் பஸ் போச்சு. வீட்டுக்கு வர ராத்திரி ஆச்சு.

"படிப்பை விட்டுடலாம்னு இருக்கேண்ணா. அப்பாகிட்ட நீங்களே சொல்லிடுங்க"ன்னு வந்து நின்னான்.

ஞாயித்துக்கிழமை நாகேஸ்வரராவ் பார்க்ல உக்காத்தி வச்சு, "தம்பி, இதோட டெரிவேட்டிவ் கண்டுபிடி"ன்னேன். முழிச்சான். "வகைக்கெழு"ன்னேன். நான் பேனா மூடியைக் கழட்டுறதுக்குள்ள போட்டுட்டான். தொகையிடல், அணிக்கோவை, எல்லாம் அப்படியே. எனக்கு ஹாஸ்டல் போர்வைக்குள்ள தெரிஞ்சதெல்லாம் இவனுக்குப் பள்ளிக்கூடத்துலயே தெரியும். அவனுக்கு வேண்டியிருந்தது கணக்கு இல்லை, ஒரு அறுபது எழுபது வார்த்தை. ஒரு நாப்பது பக்க நோட்டுல இடது பக்கம் தமிழ், வலது பக்கம் இங்கிலீஷ்னு எழுதிக்கிட்டோம். அஞ்சு ஞாயித்துக்கிழமை ஆச்சு. எம்-ஒன் முதல் தடவையிலேயே கிளியர். காலேஜ் லிஸ்ட்ல அவன் இன்னும் ஸ்லோ லேர்னரா இருக்கானான்னு தெரியல.

அவனுக்கு எப்படி ப்ளஸ் ஒன் கணக்கு அவ்வளவு தெளிவா வந்துது? 2017-18லேர்ந்து ப்ளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வச்சாங்க. பாடத்தைத் தாவ முடியாமப் போச்சு. அவன் 2023ல அதை எழுதினவன். 2025 ஆகஸ்ட்ல மாநிலக் கல்விக் கொள்கை வந்து அந்தத் தேர்வை ரத்து பண்ணிட்டாங்க. பசங்களுக்கு மூணு வருஷம் தொடர்ந்து பொதுத்தேர்வுன்னா பாரம்தான், ஒத்துக்கறேன். ஆனா என் ஸ்கூல் மாதிரி ஸ்கூலுக்கெல்லாம் ஜூலை மாசம் என்ன பண்ணணும்னு சொல்லித் தரவா வேணும்?

நுழைவுத்தேர்வைத் திரும்பக் கொண்டு வான்னு நான் சொல்றதா யாரும் கிளம்ப வேணாம். அது 2007ல போனது நல்லதுக்குத்தான். அது ஆளைக் கழிக்கற தேர்வு. நான் கேக்கறது சீட் கிடைச்சு உள்ள வந்த பிறகு, மார்க்கும் பேரும் வெளிய போகாம, முதல் வாரத்துல ஒரு மணி நேரம். இருபது கேள்வி. ஒவ்வொண்ணும் தமிழ்லயும் இங்கிலீஷ்லயும். கணக்கு தெரியாதவன் யாரு, வார்த்தை தெரியாதவன் யாருன்னு அதுலயே பிரிஞ்சுடும். முதல் ஆளுக்கு ஒரு செமஸ்டர் வேணும், ரெண்டாவது ஆளுக்கு ஒரு நோட்டு போதும். ரெண்டு எண்ணிக்கையையும் தனித்தனியா, கல்லூரிவாரியா போடட்டும். கிண்டியில அண்ணா பல்கலைக்கழகம் தேர்ச்சி சதவீதத்தைக் கல்லூரிவாரியா வெளியிடத்தானே செய்யுது?

டிஸ்கி: இப்போதைய ப்ளஸ் ஒன் கணக்கு ரெண்டாம் தொகுதி, இங்கிலீஷ் மீடியம், வீட்டுல சும்மா கிடந்தா சொல்லுங்க. மந்தைவெளி, அடையாறு, தி.நகர் எங்கன்னாலும் வந்து வாங்கிக்கறேன். பிடிஎஃப் இருக்கு, தெரியும். பையனோட ஸ்கூல்லேர்ந்து இன்னும் ரெண்டு பேர் இந்த வருஷம் சேர்ந்திருக்காங்க. தமிழ்ப் புத்தகத்தையும் இதையும் பக்கத்துல பக்கத்துல விரிச்சு வைக்கணும்.