ஏழு பேரும் ஒரு பிரயாணமும்

"ஏம்மா, அம்பத்தூர் எங்கே, உகாண்டா எங்கே? இங்கே இல்லாத ஊழியமா?" என்று என் மாமியார் கேட்டார். வாஸ்தவமான கேள்விதான். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

2019 ஆகஸ்டில் மூன்று சபைகளைச் சேர்ந்த ஏழு பேர், அங்கே ஒரு கிராமத்து மிஷன் ஆஸ்பத்திரிக்கு இரண்டு வாரம் உதவிக்குப் போவதென்று முடிவாயிற்று. புறப்பாடு 2020 ஜனவரியில். நடுவில் இருந்த ஐந்து மாதமும் ஒருத்தரையொருத்தர் சகித்துக்கொள்ளப் பழகுவதிலேயே போயிற்று என்றால் நம்புவீர்களா?

அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் வேலை பார்க்கும் அண்ணன்தான் எங்கள் தலைவர். ஆவடி டாங்க் ஃபாக்டரி குவார்ட்டர்ஸ் அக்கா, பூந்தமல்லி டீச்சர், வெள்ளைச் சேலையும் பொட்டுத் தங்கமில்லாத கழுத்துமாகப் பட்டாபிராம் பெந்தெகொஸ்தே சகோதரி, காலேஜ் படிக்கும் ஒரு தம்பி, திருமுல்லைவாயலிலிருந்து ஒரு இளம் நர்ஸ், அப்புறம் நான்.

சனிக்கிழமைதோறும் ஒருத்தர் வீட்டில் கூடுவோம். முதல் மாதம் ஒரே மனஸ்தாபம். டீச்சருக்குக் கீர்த்தனையை நிறுத்தி நிதானமாகப் பாட வேண்டும். பட்டாபிராம் சகோதரிக்குக் கைதட்டிப் பாடாவிட்டால் பாட்டே இல்லை. என் கழுத்துச் சங்கிலியை அவர் பார்க்கிறாரோ என்று எனக்குள் ஒரு குறுகுறுப்பு வேறு. தென்னிந்தியத் திருச்சபை ஒன்றுசேரத் தரங்கம்பாடியில் 1919-ல் பேச ஆரம்பித்து, சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் 1947 செப்டம்பர் 27-ல்தான் முடிந்ததாம். பெரியவர்களுக்கே 28 வருஷம் பிடித்ததே, நாங்கள் எம்மாத்திரம்!

எங்களை முதலில் சேர்த்து வைத்தது ஜெபம்கூட இல்லை, பருப்புப் பொடி. எங்கள் வீட்டு அடுப்படியில் நான்கு பெண்களும் பொடி வறுத்த அன்று, பட்டாபிராம் சகோதரி மிளகாய் நெடியில் தும்மித் தும்மி, "அந்த ஊர்க் கொசு இதுக்கே ஓடிடும்" என்றார். அவருக்குச் சிரிக்கத் தெரியும் என்பதே எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

நடந்து பழக வேண்டுமென்று ஆவடி-பூந்தமல்லி சாலையிலுள்ள பருத்திப்பட்டு ஏரிக்குப் போவோம். அந்த வருஷம் ஜூனில்தான் பூங்காவாகத் திறந்திருந்தார்கள். தோளில் பை, பையில் ஐந்து கிலோ அரிசி. காலையில் கரையோரம் நல்ல காற்று. நீர்க்கோழிகளைப் பார்த்துக்கொண்டே நடந்தால் கனமே தெரியாது. அங்கேதான் ஒரு நாள் நர்ஸ் பெண் முந்தானையை இழுத்து இழுத்துப் போர்த்திக்கொள்வதைக் கவனித்தேன். ரவிக்கை நனைந்திருந்தது. அவளுக்குக் கைக்குழந்தை. "பால் மறக்கடிச்சாச்சு" என்று எல்லாரிடமும் சொல்லியிருந்தாள்.

எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. அவள் வராவிட்டால் டீமில் நர்ஸே கிடையாது. பிரயாணமே நின்றுவிடுமோ என்று பயந்தேன். அதைப் பெருந்தன்மை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், பாருங்கள்.

டிசம்பரில் மஞ்சள் காய்ச்சல் ஊசிக்காகக் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டுக்குப் புறப்பட்டோம். பயணத்துக்குப் பத்து நாள் முன்னதாகவாவது போட்டாக வேண்டும். அந்த அட்டை இல்லாமல் திரும்பினால் நம் ஊரிலேயே ஆறு நாள் வரை தனியே வைத்துவிடுவார்கள். உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து தயாரிக்கும் ஊசி அது. ஒன்பது மாதம் நிரம்பாத குழந்தைக்குப் பால் கொடுப்பவர்களுக்குச் சாதாரணமாகப் போடமாட்டார்கள். பிரேசிலில் 2009-ல் தாய்க்கு ஊசி போட்டபின், தாய்ப்பால் வழியாகக் கிருமி போய்ச் சின்னக் குழந்தைக்கு மூளைக்காய்ச்சல் வந்திருக்கிறது.

அம்பத்தூரில் ரயில் ஏறினோம். 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜாவுக்குப் போட்ட பழைய பாதை. கூட்டமும் அன்றிலிருந்தே நிற்கிறதோ என்னவோ! வில்லிவாக்கம் தாண்டியதும் ஆவடி அக்கா நர்ஸ் பெண்ணிடம் மெதுவாகக் கேட்டார்: "பாப்பாவுக்கு ஏழு மாசம்தானே? ராத்திரி யார்கிட்ட தூங்கறா?"

அவ்வளவுதான். அந்தப் பெண் அழுதுவிட்டாள். "சொன்னா என்னை விட்டுட்டுப் போயிடுவீங்கன்னுதான்க்கா..."

"எனக்கு முன்னாடியே தெரியும்" என்றேன் நானும். அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. பட்டாபிராம் சகோதரி மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டார். சென்ட்ரல் வரும்வரை விடவேயில்லை.

கிண்டியில் ஆறு பேர் ஊசி போட்டுக்கொண்டோம். அடுத்த சனிக்கிழமை அவள் வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தாள். ஆவடி அக்காவுக்கும் எனக்கும் பிரஷர் பார்க்க, காயம் கழுவிக் கட்ட, வயிற்றுப்போக்கில் குழந்தையின் உடம்பில் தண்ணீர் வற்றிவிட்டதா என்று பார்க்க, எல்லாம் அவள்தான் சொல்லிக்கொடுத்தாள். தப்பாகக் கட்டினால் அவிழ்க்கச் சொல்லி மறுபடி கட்ட வைத்தாள். அந்த மூன்று வாரத்தில் நாங்கள் கற்றது முந்தைய நான்கு மாதத்தில் கற்றதைவிட அதிகம்.

புறப்படுகிற அன்று மீனம்பாக்கத்துக்குக் குழந்தையோடு வந்திருந்தாள். பெட்டி 23 கிலோவைத் தாண்டிவிட, பருப்புப் பொடியில் ஒரு பொட்டலத்தை எடுத்து அவளிடமே கொடுத்தேன்.

"உங்க பொண்ணுக்கு ரெட்டைப் பின்னல்தானே? தினமும் நானே போய்ப் பின்னி ஸ்கூலுக்கு அனுப்பறேன், போய்ட்டு வாங்கக்கா" என்றாள்.

சீப்பு எங்கே இருக்கிறது, எந்த ரிப்பன் எந்தக் கிழமைக்கு என்று சொல்லிவிட்டு, உள்ளே போனேன்.