78-ஆம் கோட்டின் இரு பக்கம்

விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டை போகிறவர்கள் வழியில் 78 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையைத் தாண்டுகிறார்கள். 1802-இல் லாம்டன் சென்னையில் தொடங்கிய பெரும் நில அளவை குமரியிலிருந்து இமயம் வரை போனது இந்தக் கோட்டை ஒட்டித்தான். இடங்களை மீட்டரில் குறிக்கும் யுடிஎம் முறையில் 43-ஆம் மண்டலம் முடிந்து 44 தொடங்குவதும் இங்கேதான். சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை 43-இல். அருப்புக்கோட்டை, திருச்சுழி 44-இல்.

வரைபட வேலைக்கு வந்த புதிதில், மீட்டர் கணக்கில் எழுதிய எண் என்றால் சந்தேகத்துக்கே இடமில்லை என்று நம்பியிருந்தேன். அப்போதுதான் பட்டாசு ஆலைகளின் இருப்பிடப் பட்டியல் ஒன்று கைக்கு வந்தது. மாவட்டம் முழுவதற்கும் சேர்த்து, தலைப்பில் மண்டலம் 44 என்று போட்டிருந்தார்கள். கணினியில் அட்சரேகை, தீர்க்கரேகையாக மாற்றியதும் சிவகாசி ஆலைகள் எல்லாம் இலங்கைக்கு அப்பால் வங்கக் கடலில் போய் நின்றன.

காரணத்தைக் கையாலேயே கணக்கிடலாம். சிவகாசியின் கிழக்கு எண் ஏறக்குறைய 8,07,500. அதில் நடுக்கோட்டுக்கென வைத்திருக்கும் 5,00,000-ஐக் கழித்தால் வரும் 3,07,500 மீட்டர், மண்டலத்தின் நடுக்கோட்டிலிருந்து கிழக்கே உள்ள தூரம். நம் பகுதியில் ஒரு டிகிரி சுமார் 1,10,000 மீட்டர், ஆக 2.8 டிகிரி. 43-இன் நடுக்கோடு 75, கூட்டினால் 77.8, சிவகாசி. 44-இன் நடுக்கோடு 81, கூட்டினால் 83.8, கடல். அட்சரேகை மட்டும் இரண்டிலும் 9.45 என்றே வரும். மண்டல எண் இல்லாத ஆயங்கள், ஊர்ப் பெயர் இல்லாத கதவு எண்தான்.

கடலில் விழுந்த பிழை தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிட்டது. என்னை உண்மையில் பயமுறுத்தியது சின்னப் பிழை. பழைய சர்வே வரைபடங்கள் பூமியின் வடிவத்துக்கு எவரெஸ்ட் நீள்கோளத்தை வைத்து வரைந்தவை. ஜிபிஎஸ் தருவது டபிள்யூஜிஎஸ்-84 என்ற வேறொரு நீள்கோளத்தின் மேல். இரண்டையும் ஒன்றென்று எடுத்துக்கொண்டால் நம் பக்கத்தில் புள்ளி நூறு மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். அதே ஊர், அதே கரிசல் காடு. பார்வைக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் மருந்துக் கலவை அறைக்கும் அடுத்த கட்டடத்துக்கும் இடையே விட வேண்டிய தூரத்தை மீட்டரில் விதிக்கும் தொழில் பட்டாசுத் தொழில். 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடிவிபத்தில் உதவ ஓடியவர்களும் இறந்தார்கள். தீயணைப்பு வண்டிக்கு நூறு மீட்டர் என்பது வேறொரு வாசல்.

ஆலைக்காரர்களே, சர்வே எடுப்பவர்களே: எண்களை யாருக்குக் கொடுத்தாலும் மண்டலத்தையும் எந்த நீள்கோளம் என்பதையும் பக்கத்திலேயே எழுதிக் கொடுங்கள். மாற்றி முடித்ததும், உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு கட்டடத்தின் மூலையில் புள்ளி உட்காருகிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள்.