மானுக்குப் பிணை நின்ற படலம்

சீறாப்புராணத்தைப் பள்ளியில் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்ததோடு சரி. இப்போது மீமிசலில் நண்பர்கள் சிலர் கூடி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் முன்னின்று நடத்த, அதை வாசிக்கிறோம். உமறுப் புலவரின் காப்பியம், 5027 பாடல்கள். எங்களுக்கு அவசரமே இல்லை.

ஒருவர் வாய்விட்டுப் படிக்க வேண்டும். இன்னொருவர் சந்தி பிரிக்க வேண்டும். பிறகு அவரவருக்குப் புரிந்ததைச் சொல்ல வேண்டும். உரையைத் திறப்பது கடைசியில்தான். சார் இதில் ரொம்பக் கண்டிப்பு.

மானுக்குப் பிணை நின்ற படலத்தில் வாரக்கணக்கில் நின்றுவிட்டோம். வேடனிடம் சிக்கிய மான், கன்றுக்குப் பாலூட்டித் திரும்ப அனுமதி கேட்கிறது. நபிகள் நாயகம் பிணை நிற்கிறார். கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் போன மான் தன் கூட்டத்தைச் சந்திக்கும் இடம் இருக்கிறதே! திரும்பிப் போகாதே என்று மற்ற மான்கள் தடுக்கின்றன. பிணை நின்றவரை எப்படி விடுவது என்கிறது மான்.

"அப்ப குட்டி என்ன சார் ஆகும்?" கடலுக்குப் போகும் தம்பி ஒருவன் கேட்டான். சார் பதில் சொல்லவில்லை, பக்கத்தைப் புரட்டினார். கன்றும் தாயோடு கிளம்புகிறது.

போனில் நாள் முழுக்கப் படிக்கிறேன், ஒன்றும் தங்குவதில்லை. இந்தப் பாட்டுகள் வேலைக்கு நடுவிலும் கூடவே வருகின்றன. திருநெல்வேலியில் ரசிகமணி டி.கே.சி.யின் வட்டத்தொட்டி என்ற இலக்கிய வட்டத்தில் கம்பனை இப்படித்தான் கூடிச் சுவைத்தார்கள். ரசிப்பதற்குப் பக்கத்தில் ஆள் வேண்டும் என்பது என் கட்சி.

கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் பக்கத்து நண்பர்களும் வாருங்கள். புத்தகம் இல்லாவிட்டால் பரவாயில்லை, ஜெராக்ஸ் எடுத்து வைத்திருக்கிறோம்.