உங்களுக்குத்தான் கடமையில்லையே

உம்றாவுக்குப் போறேன் என்று சொன்னதும் ஊரில் பலர் சொன்னது, "உங்களுக்குத்தான் கடமையில்லையே." அன்பாகத்தான் சொன்னாங்க. ஹஜ்ஜும் உம்றாவும் இயன்றவர்களுக்குத்தான் கடமை, எனக்குச் சலுகை இருக்கு. ஆனால் சலுகை என்பது வேணுமென்றால் நான் எடுத்துக்கொள்வது. அதை மற்றவர்கள் எடுத்து என் வாசலில் பூட்டாகப் போடும்போதுதான் கோபம் வருது.

இத்தனைக்கும் நபி (ஸல்) அவர்கள் தன் கடைசி ஹஜ்ஜில் ஒட்டகத்தில் இருந்தபடி தவாஃப் செய்தவர்கள். வளைந்த தடி ஒன்றால் ஹஜருல் அஸ்வதைத் தொட்டார்கள். சுகமில்லாமல் இருந்த உம்மு ஸலமா (ரழி) அவர்களுக்கும், சனங்களுக்குப் பின்னால் வாகனத்தில் இருந்தபடி சுற்றச் சொன்னார்கள். வீட்டிலே இருங்க என்று சொல்லவில்லை.

நான் பயந்தது வேறு விசயங்களுக்கு. இஹ்ராம் துணி சில்லில் சிக்குமா? இஹ்ராமில் கையுறை கூடாதே, வெறுங்கையால் எவ்வளவு தூரம் தள்ள ஏலும்? துணியை இடுப்பில் இறுக்கி, நுனிகளைத் தொடைக்குக் கீழே செருகினேன். கைக்கு ஒரு வழியும் இல்லை.

கீழே கூட்டம் என்று எங்களை மேல்தளத்துக்கு அனுப்பினார்கள். கஃபாவைச் சுற்றும் வட்டம் அங்கே பல மடங்கு பெரிது. உட்கார்ந்திருக்கிறவனின் கண் மட்டத்துக்குத் தெரிவது முன்னால் போறவர்களின் முதுகும் கைப்பிடிச் சுவரும்தான். இடைவெளி கிடைக்கிற ஒரு நொடியில், கீழே, கறுப்பாகக் கஃபா. அந்த ஒவ்வொரு நொடிக்கும் துஆவை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். மூன்றாவது சுற்றில் உள்ளங்கை எரியத் தொடங்கியது. அதன்பிறகு நானா தள்ளினார்.

ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் இடையில் ஏழு தடவை, எல்லாம் சேர்த்தால் ஏறக்குறைய 3 கிலோமீற்றர். நடுவில் எங்களுக்கென்றே தனிப்பாதை இருக்கு. பச்சை விளக்குகளுக்கு இடையில் ஆண்கள் ஓடுவார்கள். குழந்தைக்குத் தண்ணீர் தேடி அன்னை ஹாஜர் ஓடிய இடம்.

"விடுங்க நானா" என்றேன்.

"கை?"

"விடுங்க."

ஏழு தடவையும் அந்தத் துண்டை நானே தள்ளினேன். பின்னால் நானா மூச்சுவாங்க ஓடி வந்தார், பாவம்.

கடைசியில் முடி எடுக்கப் போனோம். கடைக்காரர் என்னை விட்டுவிட்டு நானாவைப் பார்த்து, இவருக்கு மொட்டையா, கட்டையா என்று சைகையில் கேட்டார். நானா என் பக்கம் கையைக் காட்டினார்.

மொட்டை, என்றேன்.